அப்பாயிக்கு வாங்கிய வாக்கர்: எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன்

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சக்கரம் இல்லாத, நாலு கால் அலுமினிய வாக்கர். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை, அட்டைப் பெட்டியில் சீன எழுத்து, உள்ளே ஒரு துண்டுக் காகிதம், அதிலும் சீன எழுத்து. எடை ரெண்டரைக் கிலோ இருக்கும். மடக்கலாம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உபயோகிப்பவர் எங்கள் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், வயது 94, எடை 41 கிலோ. வீடு ரங்கூன் நகரத்துக்குள் ஒரு சந்தில், முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் ரெண்டு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இப்போது நாலு கொடுக்கிறேன். கூடின அந்த ரெண்டும் வாக்கருக்கா, இல்லை வராந்தாவில் தொங்கும் கயிற்றுக்கா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. விலையை எழுதவில்லை. எங்கள் ஊர்ப் பணமான கியாட் போகிற போக்கில் நான் இன்று எழுதும் விலை நீங்கள் படிக்கிற நாளில் சிரிப்பாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் அப்பாயி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று, அந்த வரைக்கும் முனீஸ்வரன் காப்பாற்றினான். கெடுதல் செய்தது அதற்கப்புறம் நாங்கள் காட்டிய பாசம்தான். எழுந்திருக்கவே வேண்டாம் என்று கட்டிலைத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டோம், காபி கட்டிலுக்கு, சோறு கட்டிலுக்கு, ராத்திரிக்குப் பாத்திரமும் கட்டிலுக்கடியில். மூன்று வாரம். மூன்றாவது வாரக் கடைசியில் மணிக்கட்டு சரியாகிவிட்டது, ஆனால் எழுந்து நிற்கச் சொன்னால் தொடை ரெண்டும் நடுங்குகிறது, பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார். இந்த வயதில் படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் சதை கரையும், கரைந்தது திரும்புவதற்கு அதைப்போலப் பல மடங்கு நாள் வேண்டும். இதைக் கீழ்வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பர்மாக்காரப் பெண், பிசியோதெரபி படித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவள் மட்டும் கீழே இல்லாமல் இருந்திருந்தால் இந்த விமர்சனமே இருந்திருக்காது.

அவளைக் கேட்பதற்கு முன்னால் நானாகப் போய் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மருத்துவச் சாமான் கடையில் போய் நின்று "வயசானவங்க, நடக்கணும்" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருப்பதிலேயே விலை கூடினதை எடுத்து உருட்டிக் காட்டினார். நாலு சக்கரம், கையில் பிரேக், நடுவில் உட்கார ஒரு சீட்டு, முன்னால் கூடை. பார்க்க ஜம்மென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாயி கையில் கொடுத்தால், அவர் பாரத்தை முன்னால் போட்டுச் சாய்ந்ததும் வண்டி டைல்ஸ் தரையில் விலுக்கென்று ஓடுகிறது, பின்னாலேயே இவர் போகிறார். நான் இடுப்பைப் பிடித்திருந்தேன், இல்லையென்றால் ரெண்டாவது தடவை விழுந்திருப்பார். சக்கர வண்டியைக் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். ஓரளவு நன்றாக நடக்கிறவர்கள், ஆனால் தூரம் போனால் மூச்சு வாங்குகிறவர்கள், பிரேக்கைப் பிடிக்கக் கையில் பலமும் நினைப்பும் உள்ளவர்கள், அவர்களுக்குத்தான் அது. முழுப் பாரத்தையும் கையில் போட்டு ஊன்றுகிறவர்களுக்குச் சக்கரம் எமன். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன், பெட்டி பிரித்த பொருளை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடை பெயர் வேண்டாம், எந்தக் கடையிலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

இப்போது எழுதும் வாக்கரை அந்தக் கீழ்வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் வேறொரு கடையில் வாங்கினேன். அவள் ஆட்டிப் பார்த்தாள், நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் உட்காருகிறதா என்று குனிந்து பார்த்தாள், மடக்கு விரிக்கும்போது 'டக்'கென்று பூட்டு விழுகிறதா என்று ஏழெட்டுத் தடவை மடக்கிப் பிரித்தாள். கடைக்காரப் பையன் கொட்டாவி விட்டான்.

உயரம் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த ரெண்டு வீட்டில் இது தப்பாகத்தான் இருக்கிறது. ஆளை நேராக நிற்க வைத்து, கையைச் சும்மா தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் ஒரு மடிப்புக் கோடு இருக்கிறது இல்லையா, வாக்கரின் கைப்பிடி அந்த மடிப்பு மட்டத்துக்கு வர வேண்டும். அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கி நிற்கும். அதைவிட உயர்ந்தால் தோள் ரெண்டும் காதுக்கு ஏறும், தாழ்ந்தால் கூன் விழும். காலில் வரிசையாகத் துளையும் ஸ்பிரிங் பட்டனும் இருக்கிறது, பட்டனை அமுக்கி அடுத்த துளைக்கு இழுக்க வேண்டும். நாலு காலும் ஒரே துளையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வாக்கரில் ஒரு பட்டன் முழுதாக வெளியே வராது, பாதியில் நின்றுகொள்ளும், அதைச் சாவிக்கொத்தால் தட்டித்தான் உட்கார வைத்தேன். முதல் ரெண்டு நட்சத்திர மனநிலைக்கு அதுவும் ஒரு காரணம்.

நடக்கிற முறை: வாக்கர் முதலில், அப்புறம் பலமில்லாத கால், அப்புறம் நல்ல கால். வாக்கரை எட்டிப் போடக் கூடாது, ஒரு சின்ன எட்டு தூரம் போதும். உட்காரும்போது நாற்காலியின் விளிம்பு காலின் பின்பக்கம் படுகிற வரைக்கும் பின்னால் வந்து, வாக்கரை விட்டுவிட்டு நாற்காலிக் கையைப் பிடித்து உட்கார வேண்டும். எழுந்திருக்கும்போதும் அப்படித்தான், வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது ஆள்மேலேயே சாயும். அந்தப் பெண் இதையெல்லாம் பர்மிய மொழியில் பொறுமையாகச் சொல்லிக் காட்டினாள். அப்பாயி கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில், "ப்ரோமுக்கு நடந்த காலுடா இது, இந்தப் புள்ள எனக்கு நடக்கச் சொல்லிக் குடுக்குது" என்றார். 1941 கடைசியில் ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்து, 1942ல் ஊரே இந்தியாவுக்கு நடந்தபோது இவருக்குப் பத்து வயது. அரக்கான் மலைப் பக்கமாகப் போகலாம் என்று ரங்கூனுக்கு வடக்கே ப்ரோம் என்கிற ஊர் வரைக்கும் போன குடும்பம், அங்கே வழியெல்லாம் காலராவில் செத்துக் கிடந்த ஆட்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்தப் பெண்ணுக்கு நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கை ரெண்டையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து, "வாக்கர் முதலில், அப்வா" என்றாள். அப்வா என்றால் பாட்டி.

சரி, வாங்கியாயிற்று, சொல்லிக் கொடுத்தாயிற்று. அப்பாயி நடந்தாரா? இல்லை. வாக்கர் ஒரு வாரம் சுவரோரம் நின்றது, என் மனைவி அதில் ஈரத் துண்டு காயப்போட்டாள். "காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் நடக்கணும் அப்பாயி" என்றால், "எங்க நடக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரங்கூன் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. முன்னால் வராந்தா, பின்னால் அடுப்படியும் குளியலறையும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சும்மா நடந்து வா என்றால் யார் நடப்பார்கள்? நெல் நாற்று நட்டுப் பிழைத்த மனுஷி. வேலை இல்லாமல் நடப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் கயிறு. ரங்கூன் மாடிவீடுகளில் வராந்தாவிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் அல்லது பை, மேலே சின்ன மணி. பேப்பர்க்காரர், காய்க்காரி, கடைப் பையன் எல்லாரும் கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், சாமானைக் கிளிப்பில் மாட்டினால் இழுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலும் அது காலங்காலமாகத் தொங்குகிறது, ஆனால் இப்போதெல்லாம் ஃபோன் வந்ததில் அதை யாரும் இழுப்பதில்லை. ஒரு நாள் காலையில் யாரோ பிள்ளைகள் விளையாட்டுக்கு இழுத்துவிட்டு ஓடிவிட்டார்கள். மணி அடித்தது. என் மனைவி அடுப்படியில், நான் குளியலறையில். வெளியே வந்து பார்த்தால் அப்பாயி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாக் கம்பியருகில் நிற்கிறார், தெருவைப் பார்த்துப் பர்மிய மொழியில் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கே கட்டிலை முன்னறையிலிருந்து தூக்கி வீட்டு நடுவில் போட்டோம். வராந்தாவுக்கு இருபத்தாறு அடி, குளியலறைக்கு ஏறக்குறைய அதே தூரம். சந்து முனையில் இருக்கிற டீக்கடையில் போய்ப் பேசினேன். காலை ஆறரைக்கு ஒரு டீ, மாலை நாலுக்கு ஒரு டீ, யாரையும் கூப்பிட வேண்டாம், கயிற்றை மட்டும் இழுங்கள், அவரே எடுப்பார் என்று. டீக்கடைக்கே அப்பாயியைக் கூட்டிப் போனால் என்ன என்று யாராவது கேட்டால், இந்த ஊர் டீக்கடை ஸ்டூலைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். முட்டியளவுகூட இருக்காது, அதில் உட்கார்ந்தால் நானே கையூன்றித்தான் எழுந்திருக்கிறேன்.

முதலில் எல்லாரையும் போல டீயை பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டினார்கள். சூடு, கையில் பட்டால் தொலைந்தது. அதனால் மூடி போட்ட சின்ன சில்வர் தூக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கயிறு நைலான், இழுத்தால் உள்ளங்கையை அறுத்தது. அதை மாற்றி, விரல் தடிமனில் பருத்திக் கயிறு, முழத்துக்கு ஒரு முடிச்சு. அப்பாயி வராந்தாவில் போட்டிருக்கும் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இழுப்பார், நின்றுகொண்டு இழுக்க விடுவதில்லை. வராந்தா முழுக்கக் கம்பி அடித்திருக்கிறது, சாமான் நுழைய மட்டும் ஒரு சின்னத் திறப்பு, எட்டிப் பார்த்து விழ வழியில்லை. கம்பி இல்லாத வராந்தா உள்ளவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். முடிச்சு முடிச்சாக ரெண்டு கையும் மாறி மாறி இழுக்கும்போது பார்க்க வேண்டும், வாய் தானாக எண்ணும்: ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒன்பதாவது முடிச்சில் தூக்கு தலையைக் காட்டும்.

அதற்கப்புறம் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. டீ ரெண்டு தடவை. காலையில் தட்டில் அவித்த பட்டாணி கொண்டுவருகிற பெப்யோக்காரி ஒரு தடவை. காய்க்காரி. வெள்ளிக்கிழமை பூ. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலே வராமல் கீழே நின்று மணி அடித்துப் புத்தகப் பையை மாட்டுகிறான். அதில் பாதிப் புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் தூக்க முடியாது. சராசரியாக ஆறு தடவை, போக வர ஐம்பத்திரண்டு அடி, ஒரு நாளைக்கு முந்நூறு அடிக்கு மேல். அதுவும் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து எழுந்து. அந்த எழுந்து உட்காருவதுதான் தொடைக்கு நடையைவிடப் பெரிய மருந்து என்று கீழ்வீட்டுப் பெண் சொல்கிறாள். யாரும் அப்பாயியை "நட" என்று சொல்லி மாதக்கணக்காகிறது.

காய்க்காரியோடு பேரம் பேசுவதைத் தனியாகவே எழுதலாம். எங்களுக்கு ஒரு விலை சொல்கிறவள் அப்பாயிக்கு வேறு விலை சொல்கிறாள். வீசைக் கணக்கு இன்னும் எங்கள் ஊரில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லே பழங்கதை ஆகிவிட்டது, இங்கே வெங்காயம் இன்றும் வீசையில்தான், ஒரு வீசை என்றால் 1.63 கிலோ. கால் வீசை கட்டி மேலே வந்ததும் அப்பாயி கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார், குறைந்தால் அப்படியே திருப்பி இறக்கிவிடுவார். பணத்தை எண்ணிப் பையில் வைத்து இறக்குவதும் அவர்தான். மீதி வந்ததை மறுபடி எண்ணுவார். ஒரு நாள் ஐந்நூறு அதிகமாக வந்துவிட்டது, அதைத் திருப்பி இறக்க ஒரு நடை, அவள் சிரித்துக்கொண்டே ஒரு கட்டுப் புளிச்சக்கீரை சும்மா ஏற்றினாள், அதை எடுக்க ஒரு நடை.

சாப்பாடு. வாக்கர் விமர்சனத்தில் இது எதற்கு என்றால், சாப்பிடாமல் நடந்தால் சதை ஏறாது, இன்னும் கரையும். வயதானவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள், அதாவது இளவட்டங்களைவிடக் கூடுதல். அப்பாயிக்கு அது நாற்பதிலிருந்து ஐம்பது கிராம் வரை. விழுந்த சமயத்தில் அவர் சாப்பிட்டது என்ன என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்: டீ, ரொட்டி, ரசஞ்சோறு, மறுபடி டீ. அதில் பாதிகூடத் தேறாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும், நாங்கள் ரத்தம் பார்த்துக் கேட்டுக்கொண்டோம்.

டின் பவுடரும் வாங்கினோம், தாய்லாந்திலிருந்து வருகிறது, வெண்ணிலா வாசனை. ரெண்டு நாள் குடித்தார், மூன்றாவது நாள் "மருந்து வாசம் அடிக்குது" என்று தள்ளிவிட்டார். பசியே இல்லாமல் கிடக்கிறவர்களுக்கு அது கைகொடுக்கும், மறுக்கவில்லை. வாய் ருசி இருக்கிற ஆளுக்கு இந்த ஊர்ச் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது. பல் இல்லாத வாய்க்கு ஷான்காரர்களின் தோஹுநுவே மாதிரி ஒன்று கிடையாது. கடலை மாவைக் கரைத்துக் கூழாகக் காய்ச்சிச் சூடாக ஊற்றுவது, களியும் இல்லை கஞ்சியும் இல்லை, அப்படியே இறங்கும். பெப்யோவை மசித்து, பொடியாக வெங்காயம் வதக்கிப் போட்டுப் பிசைந்தால் அது ஒரு நேரம். மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், வாரத்துக்கு மூன்று நாள், கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்துத்தான் அந்தக் குழம்பே வைப்பார்கள், அதில் அவித்த வாத்து முட்டை ஒன்றை நறுக்கிப் போட்டால் தீர்ந்தது. ஒரு சின்ன முள் தப்பி வந்தாலும் ஆபத்து, அதனால் என் மனைவி கையால் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். கடை மொஹிங்காவில் மீன்சாறும் அஜினமோட்டோவும் கூடுதல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. டீ மட்டும் கடை டீதான். முன்பெல்லாம் ச்சாஸெய்ன் குடிப்பார், கடுப்பாக. இப்போது ச்சோஸெய்ன், பால் இனிப்பு தூக்கலாக. டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்பதில்லை, உணவில் இருக்கும் இரும்புச் சத்தை அது உடம்பில் சேரவிடாது. தண்ணீர்தான் பெரும் பாடு. இந்த வயதில் தாகமே தெரியாதாம். வராந்தா நாற்காலி பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க், வெறும் பச்சைத் தேயிலைத் தண்ணீர், சின்னக் கிண்ணம். கயிறு இழுத்து முடித்ததும் ஒரு கிண்ணம். "வேலை செஞ்சா தண்ணி குடிக்கணும்" என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

சரி, வாக்கருக்கு வருவோம். குறைகளை மறைக்கவில்லை. காலடியில் இருக்கிற ரப்பர் புஷ் நாலும் மூன்றாவது மாதமே தேய்ந்து, ஒன்றில் அலுமினியம் எட்டிப் பார்த்தது. மாதம் ஒரு தடவை கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஈரத் தரையில் புதிய புஷ்ஷே நம்ப முடியாது. கொன்ஸேடான் தெருக் காளி கோயிலுக்கு அப்பாயியைக் கூட்டிப் போயிருந்தோம். 1871ல் நம் ஆட்கள் கட்டிய கோயில், அவர் கல்யாணமே அங்குதான். ரெண்டு பேர் நாற்காலியில் வைத்து மாடிப்படி இறக்கி, டாக்ஸியில் வாக்கரை மடக்கி வைத்துப் போனோம், மடக்குவது மட்டும் இந்தப் பொருளில் குறையே சொல்ல முடியாத விஷயம். கோயிலில் அபிஷேகத் தண்ணீர் ஓடின தரையில் முன்கால் ஒன்று சறுக்கியது. நானும் என் தம்பியும் ரெண்டு பக்கமும் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு அம்மனைவிட அந்தப் புஷ்ஷைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அகலம். குளியலறைக் கதவு ஒடுக்கம், வாக்கர் நேராக நுழையாது, பக்கவாட்டில் நுழைத்தால் ஆள் நுழையாது. போதாததற்கு நாலு விரல் உயரத்துக்கு நிலைப்படி, அவர் விழுந்ததே அதில்தான். வாக்கர் வாங்கி என்ன பயன், விழுந்த இடத்துக்கே போக முடியவில்லை. கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டு நிலைப்படியை உடைத்துச் சரிவு போட்டோம், வாசலிலிருந்து உள்ளே சுவர் நெடுக ஒரு கைப்பிடிக் கம்பி அடித்தோம். வாசலில் வாக்கரை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துப் போகிறார். வாங்குவதற்கு முன் குளியலறைக் கதவை அளந்துகொண்டு போங்கள், நான் அளக்கவில்லை.

கைப்பிடி ஸ்பான்ஜ். அப்பாயி காலையில் முகத்துக்குத் தனக்கா என்கிற மரப்பட்டை அரைப்பைப் பூசுகிறவர், தலைக்கு எண்ணெய் வேறு. ரெண்டும் சேர்ந்து அந்த ஸ்பான்ஜில் ஏறிப் பிசுபிசுவென்று ஆகிவிடும், பழைய கைலித் துணியைச் சுற்றித் தைத்துவிட்டாள் என் மனைவி, வாரம் ஒரு தடவை கழற்றித் துவைக்கலாம். கைலி என்றதும் ஞாபகம் வருகிறது, பாதம் மறைய லோஞ்சி கட்டியிருந்தால் வாக்கர் கால் அதன் விளிம்பை மிதித்துக்கொள்ளும். கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்ட வைக்க ஒரு வாரம் சண்டை. "ஆம்பள மாதிரி" என்றார்.

கரண்ட் இல்லாத ராத்திரிகள் இந்த ஊரில் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. வாக்கரின் குறுக்குக் கம்பியில் சின்ன டார்ச் ஒன்றைத் தரையைப் பார்த்துக் கட்டிவிட்டேன், நாலு காலிலும் இருட்டில் மின்னுகிற டேப் ஒட்டினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் நாலு பச்சைக் கோடு மட்டும் தனியாக நடந்து போகும். முதல் தடவை என் மகன் அலறிவிட்டான்.

சத்தம் பற்றியும் புகார் வரலாம். ஒவ்வொரு எட்டுக்கும் 'டக் டக்'கென்று தரையில் ஊன்றும், கீழ்வீட்டுக்குக் கேட்கும். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்தப் பிசியோ பெண் "வேண்டாம் அண்ணே, சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி" என்றாள். காலை ஆறரைக்கு மணி, உடனே டக் டக், அவளுக்கு அலாரமே அதுதானாம்.

போன வாரம் திங்யான். நமக்குச் சித்திரைப் பிறப்பும் அதே வாரத்தில்தான் வரும். இந்த ஊர் வழக்கம், தண்ணீர்த் திருவிழாவில் இளவட்டங்கள் வயதானவர்களுக்குத் தலை அலசி, நகம் வெட்டிவிடுவார்கள், அதில் புண்ணியம் என்று. அந்தப் பெண்ணும் அவள் தங்கையும் கின்புன் காய்ச்சின தண்ணீரோடு வந்தார்கள். கின்புன் என்றால் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான், தயோ மரப்பட்டையோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். வராந்தா நாற்காலியில் அப்பாயி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒருத்தி தண்ணீர் ஊற்ற ஒருத்தி தேய்க்க. பாதி அலசும்போது கீழே எவனோ மணியை இழுத்தான். நுரை வழியும் தலையோடு கை நேராக வாக்கரைத் தேடியது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியிலிருந்து அவர் தம்பி வீடியோவில் வருவார், 1964க்கு அப்புறம் கப்பலேறிப் போனவர், அவருக்கு வயது 88. இங்கே ஆறு மணி என்றால் அங்கே ஐந்து. லைன் பாதியில் அறுந்து அறுந்துதான் வரும். முன்பு உடம்பு வலியைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். இப்போது அப்பாயி வெங்காய விலை கேட்கிறார், "கால் வீசை என்ன வெலைடா அங்க?" என்று. "அக்கா, இங்க வீசையெல்லாம் எவனுக்கும் தெரியாது" என்கிறார் அவர்.

யார் வாங்கலாம்? வீட்டுக்குள் நடக்கிறவர்கள், கையில் ஓரளவு பலம் உள்ளவர்கள், தரை சமமாக உள்ளவர்கள். ரெண்டு கையும் வாக்கரிலேயே இருக்கும் என்பதால் எதையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, அதற்கு முன்கம்பியில் ஒரு துணிப்பை கட்டிக்கொள்ளலாம், டீத் தூக்கு அப்பாயியோடு வீட்டுக்குள் அப்படித்தான் வருகிறது. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்களுக்கு இது ஆகாது. படியில் ஏற இறங்க ஆகவே ஆகாது. வாங்கும்போதே ரப்பர் புஷ் நாலு கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் அதே அளவு தேடி நான் நாலு கடை ஏறி இறங்கினேன்.

அந்த நாலு சக்கர வண்டி என்ன ஆயிற்று என்று ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறது. மாடிப்படி முனையிலிருந்து அடுப்படிக்கு இருபது லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதன் சீட்டில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு போகிறேன், அந்த வேலைக்கு அஞ்சு நட்சத்திரம். நான் அதைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அப்பாயி கட்டிலிலிருந்து பார்த்துவிட்டு, "தம்பி, பிரேக்கப் புடிச்சுப் போ" என்கிறார்.